கருமலைச் சரித்திரத்தில் விடுபட்டவர்கள்

“பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு சுவருக்கு மூணு பக்கம், மாடியில செத்துக் கெடந்த அணிலுக்கு ரெண்டு வரி, கூடப் பொறந்த எனக்கு அரை வரிகூடக் கெடையாதா மைனி? நான் என்ன அத்துவானத்துல இருந்தா வந்தேன்?” என்று பூரணம் கேட்டது அன்றைக்கு ஏழாவது தடவை. பல் தேய்க்கும்போது ஒன்று, காப்பிக்கு இரண்டு, தேங்காய் துருவ உட்கார்ந்ததிலிருந்து நாலு என்று, சொல் மாறாமல், மூச்சு விடுகிற இடம்கூட மாறாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். சங்கரவடிவு எண்ணிக்கொண்டே இருந்தாள். எண்ணாவிட்டால் துருவலைத் தூக்கி எறிந்துவிடுவாள் போலிருந்தது.

“நான் எழுதலை பூரணம். அச்சடிச்சதும் நான் இல்லை. உங்க அண்ணன்கிட்டயே கேளு.”

“அண்ணன்தான் போயிட்டாவளே.”

“அப்போ வாயை மூடிக்கிட்டு தேங்காயைத் துருவு.”

பூரணம் அவள் கணவருக்கு ஒரே தங்கை. கடையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அண்ணன் காரியத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தவள், பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் பலகாரத்தைப் பையில் வைத்துக் கட்டிக் கிளம்பித்தான் இருந்தாள். அந்த நேரம் பார்த்துப் புத்தகம் பருத்த சங்கதி வெளியே வந்தது. தன் பேர் வராமல் இந்த வீட்டுப் படி இறங்குவதில்லை என்று பையைப் பிரித்துப் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் இருபது நாள் ஓடிவிட்டது. பலகாரமும் தீர்ந்துவிட்டது.

அந்தப் புத்தகத்துக்குப் பேர் ‘கருமலை சமஸ்தான சரித்திரம்’. கருமலையை ஆண்ட பதினொரு ராஜாக்களின் பிறப்பு, பட்டாபிஷேகம், யுத்தம், கல்யாணம், மரணம் எல்லாம் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில் அரண்மனைச் செலவில் நூறு பிரதி அச்சாகி, அதில் ராஜாவின் தாத்தா குள்ளம் என்று ஒரு வரி வந்துவிட்ட குற்றத்துக்காகத் தொண்ணூற்றொன்பது பிரதிகள் அரண்மனை முற்றத்திலேயே கொளுத்தப்பட்டு, அரண்மனை வைத்தியர் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போன ஒன்று மட்டும் தப்பியது. வைத்தியர் பயந்தாங்கொள்ளி, ஆனாலும் ஆசை விடவில்லை. முதல் பக்கத்தில் தன் பேரைத் தன் கையால் எழுதிவைத்தார். அவருக்குப் பின்னால் அது யார் கைக்கு வந்ததோ அவர்களெல்லாம் அவர் பேருக்குக் கீழே தங்கள் பேரை எழுதிக்கொண்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் தேவசகாயம். பஸ் கண்டக்டர் சுடலையாண்டி. இட்லிக் கடை ஆவுடையம்மாள், கொம்பை மாற்றிப்போட்ட எழுத்தில். கடைசியாக, நல்ல கறுப்பு மையில், கோணலில்லாமல், சங்கரவடிவின் கணவர் பிறவிப்பெருமாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆவுடையம்மாள் பேரன்மார் வீட்டை ஒழித்தபோது, பழைய பேப்பர் கடைத் தராசில் வாரப் பத்திரிகைகளோடு கிடந்ததை அவர் எடுத்து வந்தார். சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை அவருக்கு. பதினொரு ராஜாக்களுக்குப் பின்னால் அதே அச்சில், அதே நடையில் வைத்தியரும் வாத்தியாரும் கண்டக்டரும் இட்லிக்காரியும் ராஜாக்களாக வருவதைப் பார்த்துவிட்டு, எந்த அச்சாபீஸ்காரனோ நல்ல நக்கல் பிடித்தவன் என்று சிரித்தார். ‘ஆவுடையம்மாள் முப்பத்தோர் ஆண்டு செங்கோல் செலுத்தினார். இவர் காலத்தில் மும்முறை அரிசிப் பஞ்சம் வந்தது. எனினும் இட்லியின் சுற்றளவைக் குறைத்தாரில்லை. விடியற்காலைப் படைகள் அடுப்பைச் சூழ்ந்து நின்றபோதும் சட்னியில் நீர் கலக்க உடன்பட்டாரில்லை’ என்று அவர் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவார். சங்கரவடிவுக்கு அதிலெல்லாம் பொறுமை கிடையாது. “சோறு ஆறுது” என்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, காப்பி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள், பந்தி முடிந்து கை கழுவியவர்கள் வெற்றிலைக்கு உட்கார்ந்திருந்தபோது, எதிர் வீட்டு அருளப்பன் சார், ரிட்டயரான சரித்திர வாத்தியார், கண்ணாடி அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். திருப்பி வைக்கப் போனால் நுழையவில்லை. இருந்த இடம் போதவில்லை. பன்னிரண்டு தாள் கூடியிருந்தது. பழுப்பு அதே பழுப்பு, பூச்சி அரித்த ஓட்டை முதற்கொண்டு அதே ஓட்டை, மை மட்டும் விரலில் ஒட்டியது. தலைப்பு: ‘பிறவிப்பெருமாள் ஆட்சி.’

யாரும் மூர்ச்சையாகவில்லை. சர்வே காலனி மூன்றாம் தெருவில் தண்ணீர் லாரி வராத நாளுக்குத்தான் கூட்டம் கூடும். செத்துப்போன ஒரு மனுஷனுக்குப் புத்தகத்தில் இருபத்துநாலு பக்கம் முளைத்தது என்றதும், ஆட்டோக்காரர் முதல் அயர்ன்காரர் வரை எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அதில் நான் வருகிறேனா? காலையில் ஆண்கள், பதினோரு மணிக்குமேல் பெண்கள் என்று அருளப்பன் சார் முறை வகுத்துக்கொடுத்தார். முறை தப்பி வந்தவர்களைப் பூரணம் வாசலிலேயே மறித்தாள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அட்டையில் குங்குமம் வைத்தார்கள். சங்கரவடிவு ஈரத்துணியால் துடைத்துவிட்டு, “இது சாமி இல்லை, புஸ்தகம்” என்றாள்.

வடக்குப் பக்கத்து வீட்டுப் பால்வண்ணன், சுவரை நாலு அங்குலம் தள்ளிக் கட்டியதற்காக ஒன்பது வருஷம் பிறவிப்பெருமாளோடு முகம் பார்க்காமல் இருந்தவர், தனக்கு மூன்று பக்கம் இருப்பதைப் படித்தார். ‘வடதிசைப் பகைவர் பால்வண்ணர் செங்கல்லும் சிமெண்டும் திரட்டி எல்லையைக் கடந்தார். நம் மன்னர் அளவுச் சங்கிலி ஏந்தித் தனியொருவராய்க் களம் புகுந்தார்.’ மனுஷன் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கால் கிலோ அல்வாவோடு வந்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை சத்தமாக வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு போனை எடுத்தால் “வடதிசைப் பகைவர் பேசுதேன்” என்றுதான் சொல்கிறார். சுவரை அவர் இடிக்கவில்லை. சுவரை இடித்தால் சரித்திரம் பொய்யாகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

சங்கரவடிவைப் பற்றியும் இருந்தது, இடமெல்லாம் இருந்தது. ‘அரசியாரின் வாக்கு வாளினும் கூரியது. மன்னர் பெரும்பாலும் மாடியில் தங்கினார்.’ தெருவே அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சிரித்தது. அவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தேடியது வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டி, இருபத்துநாலு பக்கத்தையும் மூன்று தடவை தேடி, இரண்டாம் பக்கத்து அடியில் அவள் கண்டெடுத்தது ஏழே வார்த்தை.

‘இம்மன்னருக்கு ஒரு மகள். ஆட்சியின் பதினான்காம் மாதம் காலமானாள்.’

உலகம்மை. பதினொரு வயசு. மூளைக்காய்ச்சல், நாலு நாள். அணிலுக்கு இருக்கிற அளவு.

புத்தகத்தின் சட்டத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அருளப்பன் சார்தான். “முதல் பக்கத்துல பேர் இருக்கணும் அம்மா. சொந்தக் கையெழுத்தா இருக்கணும். ஆள் போய்ச் சேர்ந்திருக்கணும். இந்த மூணும் இருந்தா அது எழுதிருது. யாரு, என்ன சாதி, என்ன உத்தியோகம், ஒண்ணும் பார்க்கிறதில்லை. ஆனா பேர் எழுதின நிமிஷத்துலேருந்து புஸ்தகம் கைவிட்டுப் போற நிமிஷம் வரைதான் ஆட்சிக் கணக்கு. கண்டக்டர் இதை வித்த பெறகு இருபது வருஷம் உயிரோட இருந்திருக்கான். அதைப் பத்தி மூச்சு விடலை பாருங்க.”

இதைக் கேட்ட தெரு சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு வாரம் கொடுங்கள், பேரை எழுதிக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம் என்று வந்து நின்றது. வார்டு கவுன்சிலர் தன் மாமியாருக்கு முடியவில்லை என்றும், சீக்கிரம் என்றும் சொல்லி அனுப்பினார். சங்கரவடிவு யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் பேனாவை எடுத்து, கணவர் பேருக்குக் கீழே ‘உலகம்மை’ என்று எழுதிப் பார்த்தாள். மை காய்ந்து, கடுகு மாதிரி உருண்டு, மடியில் கொட்டியது. மறுநாள் எழுதினாள். மறுநாளும் கொட்டியது. அதைப் பெருக்கி அள்ளும்போது பூரணம் பார்த்துவிட்டு, கடுகு எங்கே சிந்தியது என்று கேட்டாள்.

ஆக, ஏழாவது தடவை கேட்டுவிட்டுப் பூரணம் தேங்காயை முடித்துக் கையைச் சேலையில் துடைத்தாள். புத்தகத்தை மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வாசிக்கக் கண் சரியில்லை. விரலால் தடவித் தடவித்தான் தன் பேரைத் தேடுவாள், ஏதோ அரிசியில் கல் பார்க்கிற மாதிரி. உள்ளே கிடைக்காததால் அன்றைக்கு முதல் பக்கத்தையே தடவ ஆரம்பித்தாள்.

“மைனி, ஆவுடையம்மாளுக்கும் அண்ணனுக்கும் நடுவுல என்னமோ பள்ளம் பள்ளமா இருக்கு.”

சங்கரவடிவு அடுப்பை அணைத்தாள். குழம்பு கொதிக்கவில்லை, அணைத்தாள்.

“எழுத்து மாதிரி இருக்கு மைனி. இங்க ஒரு சுழி வருது.”

“அது அவ எழுதினது” என்றாள் சங்கரவடிவு.

பத்தொன்பது வருஷம் ஒருவரிடமும் சொல்லாததை அவள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். அவர் புத்தகத்தை வாங்கி வந்த அன்றைக்கு முதலில் கொடுத்தது பிள்ளை கையில்தான். பிள்ளை பென்சிலால் பேர் எழுதியிருக்கிறது. சங்கரவடிவு கான்வென்டில் படித்தவள். ஆறாம் வகுப்பில் லைப்ரரி புத்தகத்தில் பேர் எழுதிய குற்றத்துக்காக ஒரு பீரியட் முழுக்க அவளை முட்டுக்கால் போட வைத்தார்கள். புத்தகத்தில் கிறுக்கல் என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ரப்பரை எடுத்தாள், அழித்தாள், துகளை ஊதினாள். அவரைக் கூப்பிட்டு, “பெரியவங்க பேரை ஒழுங்கா மையில எழுதி வைங்க” என்றாள். அவர் எழுதினார். அடுத்த வருஷமே பிள்ளை போனாள். அவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நாலு நாள் சண்டை போட்டாவது ஆறியிருப்பாள்.

பூரணம் புத்தகத்தை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். பிறகு, “ஒரு பென்சில் கொண்டாங்க மைனி. பிளேடும்” என்றாள்.

முற்றத்து வெயிலில் பாயை விரித்தார்கள். பென்சில் முனைக் கரியைச் சீவிச் சீவி மாவாக்கி, அந்தப் பக்கத்தில் தூவிப் பஞ்சால் ஒற்றினாள் பூரணம். கோலப்பொடியைக் கையாண்டு பழகிய விரல். அதற்குள் விஷயம் மதில்மேல் போய், பால்வண்ணனும் அருளப்பன் சாரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். பள்ளத்தில் கரி இறங்க இறங்க, ஆவுடையம்மாளுக்குக் கீழே, சின்னப் பிள்ளைக் கையில், எழுந்து வந்தது: ‘உலகம்’. அதற்கு அடுத்து ஓட்டை. கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தாளே தேய்ந்து போயிருந்தது. அந்த அளவுக்கு அழுத்தி அழித்திருக்கிறாள் சங்கரவடிவு. ஓட்டைக்கு அந்தப் பக்கம், ‘5 ஆ பிரிவு’.

“முழுப் பேர் இல்லையே” என்றார் யாரோ.

“சர்வே கல்லுல ஒரு நம்பர் தேய்ஞ்சிருந்தா நிலம் இல்லைன்னு ஆயிருமா? செல்லும்” என்றார் வடதிசைப் பகைவர். எல்லைத் தகராறில் அனுபவஸ்தர் சொன்னதால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எழுத்து கொட்டவில்லை.

அன்றைக்கு முழுக்கத் தெரு வேலைக்குப் போன மாதிரி போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்தது. மறுநாள் காலை இட்லி ஊற்றும்போது அலமாரிக்குள் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொண்டிருந்தது. புத்தகத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது.

சங்கரவடிவு எடுத்துப் பார்த்தாள். ஆவுடையம்மாள் ஆட்சிக்கும் பிறவிப்பெருமாள் ஆட்சிக்கும் நடுவில், ஈரம் காயாத மையில், ‘உலகம்மை ஆட்சி’ என்று தலைப்பு. ஓட்டையில் போன எழுத்தும் சேர்த்து, முழுசாக. அதற்குமேல் அவளுக்கு எழுத்து நிற்கவில்லை, நீந்தியது. கண்ணாடியை மூன்று தரம் துடைத்தும் நீந்தியது. அருளப்பன் சாரைக் கூப்பிட்டனுப்பினாள். அவரோடு தெருவும் வந்தது. கூடத்தில், நடையில், மாடிப்படியில் ஆணும் பெண்ணும் முறை பார்க்காமல் உட்கார்ந்தார்கள். அவர் வாசித்தார்.

“‘இம்மன்னர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி முப்பத்தைந்து நிமிஷத்துக்கு, பள்ளிச் சீருடையுடன் பட்டம் ஏறினார். சன்னல் கட்டையே சிம்மாசனம். ராஜ்யத்தின் எல்லையாவது: வடக்கே தையல் மிஷின், தெற்கே தண்ணீர்ப் பானை, கிழக்கே சன்னல் கம்பி, மேற்கே அடுக்களை. அடுக்களை அந்நிய தேசம். அங்கே அப்போது மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது.

‘முதற்கண் வலது பாதத்தின் ஷூவுக்கு விடுதலை அளித்தார். இடது பாதத்துக்கு மறந்தார். சுவரோரம் வரிசையாய் வந்த எறும்புகளைக் குடிகளாக ஏற்று, தமக்களிக்கப்பட்ட முறுக்கில் பாதியை நொறுக்கி வழங்கினார். இவர் காலத்தில் எவரும் பசித்திருக்கவில்லை. யுத்தம் ஒன்றும் இல்லை. முன்னாண்ட மன்னர்களின் சரித்திரத்தை உரத்து வாசித்து, கடினமான சொற்களைத் தாண்டிச் சென்றார். ஆவுடையம்மாளின் ஆட்சியைக் கண்டு மிக மகிழ்ந்தார்.

‘ஐந்து மணிக்கு வாரிசை அறிவித்தார். தமக்குப் பின் பட்டம் தம் தாயாருக்கே என்று எறும்புகளைச் சாட்சி வைத்து, தம் பேருக்கு அடுத்த வரியில் பென்சிலால் கோடு ஒன்று கிழித்து, அவர் பேர் எழுத இடம் விட்டுவைத்தார்.’”

அருளப்பன் சார் நிறுத்தினார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை.

“வாசிங்க” என்றாள் சங்கரவடிவு.

“‘ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு மேற்குத் திசையிலிருந்து அரசமாதா ரப்பருடன் வந்தார். மன்னர் எதிர்த்து நிற்கவில்லை. “நானே அழிக்கேம்மா, நீ அழிச்சா கிழிஞ்சிரும்” என்று மட்டும் கேட்டார். ரப்பர் கொடுக்கப்படவில்லை. பேரும் கோடும் அழிந்தன. ஐந்து மணி பதினைந்து நிமிஷத்துக்கு இவர் ஆட்சி முற்றிற்று. மொத்தம் நாற்பது நிமிஷம்.’”

பூரணம் சுவரோரம் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். தன் பேரைப் பற்றி அவள் அன்றைக்குக் கேட்கவில்லை.

அருளப்பன் சார் தாளைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் ‘பிறவிப்பெருமாள் ஆட்சி’ என்றிருந்தது, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. அவர் புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றி மடக்கிச் சட்டைப் பையில் போட்டார்.

“ஏன் மூடுறீங்க?” என்றாள் சங்கரவடிவு. “அதோட முடியலையே. அழுதுட்டுப் போயி அரை மணியில சரியாயிட்டா. ராத்திரி என்கிட்டதான் படுத்தா. முழுப்பரீட்சை எழுதினா, ஆறாங்கிளாஸ் போனா, கீழ்ப்பல்லு ஒண்ணு விழுந்துச்சு, குத்தாலத்துல குளிச்சா, எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ரசம் வைக்கேன்னு உப்பே போடாம வச்சா. பதினாலு மாசம் சார். நாள் கணக்கு வேணும்னா சொல்லுதேன்.”

கூடம் நிறைய ஆள் இருந்தது. அருளப்பன் சார் மூடின புத்தகத்தின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சங்கரவடிவு அவருக்கு எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள். கான்வென்டில் படித்த குரல், எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து பேசுகிற குரல், மெதுவாக வந்தது.

“அந்தப் பதினாலு மாசத்தை வாசிங்க சார்.”